ஆணி அடிக்கக் கூடாத வீட்டில் ஓர் ஓவியக் காட்சி

வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: சுவரில் ஆணி இறங்கக் கூடாது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று வரிசை குலையாமல் மயிலாப்பூரில் நிற்கும் பழைய வீடு அது. சுவர் முழுக்கச் சுண்ணாம்புக் காரை. 6 மி.மீ. துளை போடப் போனால் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து கையில் வரும். திருகைப் பிடிக்கச் செருகும் ரவால் பிளக் அதில் பிடித்து நிற்காது. அவர் சொல்லாமல் விட்டிருந்தாலும் நான் துளைத்திருக்க மாட்டேன்.

காகிதத்தில் வேலை செய்யும் ஆறு ஓவியர்களின் படைப்புகளை அங்கே வைப்பதாகத் திட்டம். மை, நீர்வண்ணம், கரி, பென்சில், லினோலியத்தில் செதுக்கி எடுக்கும் லினோ அச்சு. ஒருவருடையது மட்டும் துணியில் தையல். தேர்வு செய்வது, வரிசைப்படுத்துவது, தொங்கவிடுவது, விளக்குப் போடுவது, பெயர்ச்சீட்டு எழுதுவது எல்லாம் என் தலையில். நானும் வரைகிறவள்தான். ஆனால் என் படம் ஒன்றுகூட இதில் இல்லை. பணிவெல்லாம் கிடையாது. சொந்தப் படம் ஒன்று கூடத்தில் இருந்தால், மற்றவற்றை அதற்குத் துணையாக நிறுத்தத்தான் கை போகும்.

தேதி குறிப்பதே ஒரு கணக்கு. மார்கழியில் மயிலாப்பூரில் கடை விரித்தால் சபாக்களோடு மட்டுமல்ல, அவற்றின் கேண்டீன்களோடும் போட்டி போட வேண்டும். ஜனவரியில் வாசிக்கிற கூட்டமெல்லாம் புத்தகக் காட்சிக்குப் போய்விடும். மார்கழிக்கு முந்தைய மாதங்கள் மழைக்காலம்; சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், காகிதம் நெளியும், பூஞ்சை பிடிக்கும். பிப்ரவரிதான் மிஞ்சியது.

முதல் வேலை அளவெடுப்பது. 1:20 விகிதம் எனக்கு வசதி. 20 அடிச் சுவர் அட்டையில் 1 அடியாகிவிடும், கால்குலேட்டர் தேவையில்லை. கூடம், தாழ்வாரம், ரேழி, பக்கத்திலிருந்த காமிரா உள் என்ற சிறு அறை எல்லாவற்றையும் மில் அட்டையில் வெட்டி நிறுத்தினேன். ஓவியங்களின் புகைப்படங்களை அதே விகிதத்தில் அச்சிட்டு, ஒட்டிப் பிய்க்கக்கூடிய பசையால் சுவர்களில் இடம் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். இதில் ஓர் ஆபத்து உண்டு. மேசை முன்னால் உட்கார்ந்தால் முழு வீட்டையும் மேலிருந்து பார்க்கிறோம். வருகிறவர் யாரும் அப்படிப் பார்க்கப் போவதில்லை. எல்லாச் சுவரும் ஒரே நேரத்தில் கண்ணில் படுவதால், ஒரு சுவருக்கும் எதிர்ச்சுவருக்கும் பொருத்தம் பார்க்கத் தொடங்கிவிடுவோம். உண்மையில் எதிர்ச்சுவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அதனால் கைபேசியின் கேமராவை மாதிரிக்குள் 7.5 செ.மீ. உயரத்தில் நுழைத்துப் படம் எடுப்பேன். நிஜத்தில் அது 150 செ.மீ., ஏறக்குறைய கண்மட்டம். ரேழியிலிருந்து எடுத்த படத்தில் எது தெரிகிறது, இரண்டடி உள்ளே நகர்த்தினால் எது மறைகிறது என்று அப்போதுதான் பிடிபடும்.

நாற்பதுக்கு மேல் வந்த படைப்புகளில் 23 நின்றன. கழித்தவற்றில் மோசமானவை மிகக் குறைவு. ஒரே ஓவியர் ஒரே விஷயத்தை இரண்டு தாள்களில் சொல்லியிருந்தால் ஒன்று போதும் என்று விட்டேன். அண்டை படத்தை எழவிடாத படங்கள் வேறு வகை. கையால் செய்த காகிதத்தில் ஆளுயரத்துக்குத் தட்டைத் தூரிகையால் கருமை ஏற்றிய ஒரு மை ஓவியம் வந்திருந்தது. பார்த்த உடனே பிடித்துவிட்டது. எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. அதற்கு மூன்றடி தள்ளி, கூர்ப்பென்சிலால் மீன்வலை முடிச்சுகளை மட்டும் வரைந்த சிறிய தாள் ஒன்றை வைத்துப் பார்த்தேன். கருமையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் கண்ணுக்குப் பென்சில் கோடு தெரியவே இல்லை. வெற்றுத்தாள் போலக் கிடந்தது. கண்பாவை தேறிக்கொள்ளச் சில நொடிகள் வேண்டும். யாரும் அவ்வளவு பொறுமையாக அங்கே நிற்பதில்லை. ஓவியரிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"என் படம் பக்கத்தில் இருப்பதைத் தின்கிறது என்கிறீர்களா?"

"ஆமாம்."

"அப்படியானால் தனி அறை கொடுங்கள் அக்கா."

கொடுத்தேன். காமிரா உள் முழுக்க அந்த ஒரு படம்தான்; ஜன்னல் அடைத்து, ஒரு விளக்கு. சலுகை கிடைத்ததாக அவருக்கு மகிழ்ச்சி. மீன்வலைத் தாளைக் காப்பாற்றியதில் எனக்கு மகிழ்ச்சி.

இப்படிப் பார்க்கும் பழக்கம் கொச்சியில் வந்தது. 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி–முசிறிஸ் பினாலே என்ற ஈராண்டுக் கலைக்காட்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் உலகப் பெயர்களைப் பட்டியலிடுவார்கள். அங்கே என்னைப் பிடித்து நிறுத்தியவை கட்டடங்கள். காட்சியின் முக்கிய இடமான ஆஸ்பின்வால் ஹவுஸ் 19ஆம் நூற்றாண்டில் மிளகும் காபியும் தேங்காய் எண்ணெயும் வணிகம் செய்த நிறுவனத்தின் வளாகம். அந்தக் கிடங்குகளைக் கலைக்கூடம்போல வெள்ளையடித்து மறைக்காமல் அப்படியே பயன்படுத்தினார்கள். முதல் பதிப்பில் கலைஞர் விவான் சுந்தரம், பழைய முசிறித் துறைமுகம் என்று கருதப்படும் பட்டணம் என்ற கேரள ஊரின் அகழாய்வில் கிடைத்த பானையோடுகளைத் தரையில் பரப்பி ஒரு நகரத்தையே கட்டியிருந்தார். மிளகு ஏற்றிப் போன துறைமுகத்தின் ஓடுகள், மிளகு வணிகம் செய்தவர்கள் இருந்த ஊரில். இடத்தோடு பொருந்துவது என்றால் என்ன என்று எனக்கு விளங்கவைத்த வேலை அது.

2014இல் சிற்பி அனிஷ் கபூர் அங்கே ஓர் அறையின் தரைக்குள் நீர்ச்சுழல் ஒன்றை வைத்தார். ஓயாமல் கீழ்நோக்கிச் சுழலும் நீர். அதன் இரைச்சல் அறைக்கு வெளியே வந்து ஆளைக் கூப்பிடும். கண்ணுக்கு முன்னால் காது போய்ச் சேர்ந்துவிடும். 2016இல் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரீத்தா ஒரு நீண்ட கிடங்கில் கடல்நீரைத் தேக்கினார். செருப்பைக் கழற்றி, பேண்டைச் சுருட்டிக்கொண்டு, முழங்காலளவு நீரில் நடந்து போனால்தான் கடைசிச் சுவரில் இருக்கும் வரிகளைப் படிக்க முடியும். சிரியாவிலிருந்து தப்பி ஓடும்போது தம்பி ஆலனோடு மூழ்கிப்போன காலிப் குர்தி என்ற சிறுவனுக்கான கவிதை அது. ஆலனின் உடல் கரையில் கிடந்த படம் உலகம் முழுக்கப் போனது. அண்ணனுக்கு அப்படி ஒரு படம் இல்லை. அதே கவிதையைக் காய்ந்த தரையில் நடந்துபோய்ப் படித்திருந்தால் ஒரு நிமிடத்தில் அடுத்த அறைக்குப் போயிருப்பேன். வாசலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த தொலைவைத்தான் அவர் படைப்பாக்கியிருந்தார்.

இன்னொன்றும் கவனித்தேன். அந்த பினாலேயின் ஒவ்வொரு பதிப்பையும் அமைத்தவர்கள் ஓவியர்கள், சிற்பிகள், கலைஞர்கள்தான். போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு, பிறகு ஜிதிஷ் கல்லாட், சுதர்ஷன் ஷெட்டி, அனிதா துபே, சுபிகி ராவ். நமக்கும் இது புதிதில்லை. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில் ஓவியம் வளர்த்தவர்கள் தங்கள் காட்சிக்கு வெளியாள் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. காட்சியை அமைக்கும் கியூரேட்டர் என்ற பதவிக்கு இப்போது ஒரு பளபளப்பு வந்துவிட்டது. ஏணியில் ஏறாத கியூரேட்டர்களிடம் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. கருத்துரை அற்புதமாக எழுதுவார்கள். படம் முழங்கால் உயரத்தில் தொங்கும்.

இனி தொங்கவிட்ட கதை. கூடத்துக்கு மேலே மெட்ராஸ் டெரஸ் கூரை: சுமார் 12 அடி உயரத்தில் தேக்கு விட்டங்கள், அவற்றின் மேல் நேரடியாகச் செங்கல். விட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டலாம் என்றால் மேலே நுழைக்க இடைவெளி கிடையாது. தச்சர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஜி கிளாம்ப் போட்டுவிடலாம் அம்மா. மரத்தில் தடம் விழாமல் சைக்கிள் டியூபை வெட்டி நடுவில் வைக்கிறேன்" என்றார். சுவரோரமாக விட்டத்துக்கு ஒரு கிளாம்ப், கிளாம்புகளிலிருந்து கம்பி கட்டி நீளவாக்கில் ஒரு ரீப்பர் கட்டை, அந்த ரீப்பரிலிருந்து மெல்லிய ஸ்டீல் கம்பிகள். கிளாம்ப் பக்கவாட்டில் இறுக்கிப் பிடிக்கும் பிடிமானம் மட்டும்தான்; அதை நம்பி யாருடைய படத்தையும் தொங்கவிட முடியாது. அதனால் படங்களின் எடையைப் போல் இரண்டு மடங்கு மணலைச் சாக்குகளில் கட்டி இரவு முழுக்கத் தொங்கவிட்டோம். மறுநாள் ஒரு கிளாம்பும் நழுவவில்லை. இருந்தாலும் அத்தனையையும் தச்சர் இன்னொரு திருகு இறுக்கினார்.

விட்டங்கள் ஒரே திசையில்தான் ஓடும் என்பதை இந்த முறையை யோசிப்பவர்கள் கவனிக்க வேண்டும். விட்டத்தின் முனைகள் வந்து முடியும் இரண்டு சுவர்களுக்குத்தான் இந்த ஏற்பாடு ஒத்துவரும். மற்ற இரண்டு சுவர்களில் விட்டம் சுவருக்கு இணையாக ஓரடி தள்ளிப் போகிறது. அதில் தொங்கவிட்டால் படம் சுவரை விட்டு அந்தரத்தில் நிற்கும். அந்தப் பக்கம் சுவரையே மறந்துவிட்டு, பலகை மேசைகள் போட்டு லினோ அச்சுகளைப் படுக்கவைத்தேன். அச்சுத்தாளைக் குனிந்து பார்ப்பதில் ஓர் அனுகூலம்: மை காகிதத்தில் அழுந்திய மேடுபள்ளம் பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரியும். சுவரில் தொங்கினால் அது தெரியாது.

எடையைக் குறைக்கக் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்டோம். ஒரே தடிமனில் அக்ரிலிக் கண்ணாடியின் எடையில் பாதிதான் வரும். ஆனால் கரி ஓவியங்களுக்குக் கண்ணாடியை மாற்றவில்லை. அக்ரிலிக்கைத் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறும். காகிதத்தில் ஒட்டாமல் கிடக்கும் கரித்தூளை அது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். படத்தின் ஒரு பகுதி காகிதத்திலும் ஒரு பகுதி அக்ரிலிக்கின் உள்பக்கத்திலும் போய்விடும். பிரேம் கடைக்காரர்கள் இதைத் தாமாகச் சொல்வது அபூர்வம். காகிதத்தை அட்டையில் பிடிக்கவைக்கும்போது செல்லோடேப் ஒட்டுவதையும் கேட்டுக் கேட்டுத் தடுக்க வேண்டும். ஜப்பானியக் காகிதத்தில் சிறு கீல் போல மடித்து, கோதுமை மாவின் ஸ்டார்ச் பசையில் மேல்விளிம்பில் மட்டும் ஒட்டினால் போதும். ஈரம் ஏறி இறங்கும்போது தாள் தன்போக்கில் விரிந்து சுருங்கும். பசையை அள்ளிப் பூசினால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து.

ஒவ்வொரு பிரேமுக்கும் இரண்டு கம்பிகள். ஒற்றைக் கம்பியில் தொங்குவது மின்விசிறி சுற்றத் தொடங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பின்புறம் கீழ் மூலைகளில் ஒரு செ.மீ. தடிமனுக்குக் கார்க் வில்லைகள் ஒட்டினோம். சுவரின் ஈரம் நேராக அட்டையில் ஏறாமல் நடுவில் காற்று ஓடுவதற்கு அது.

உயரத்துக்குக் கலைக்கூடங்களில் ஒரு கணக்கு உண்டு: படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலம். 60 நம் ஊருக்கு அதிகம். வருகிறவர்களில் பாதிப் பேர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். நான் 56 வைத்தேன். பிரேமின் உயரம் 22 அங்குலம் என்றால் அதில் பாதி 11; கம்பி மாட்டும் பின்புற வளையமான டி ரிங் மேல்விளிம்பிலிருந்து 3 அங்குலம் கீழே. அப்படியானால் 56 + 11 − 3 = 64 அங்குலத்தில் கொக்கி நிற்க வேண்டும். எல்லாப் படத்தின் மேல்விளிம்பையும் ஒரே கோட்டில் நிறுத்துகிறவர்கள் உண்டு. சின்னப் படமும் பெரிய படமும் கலந்திருக்கும்போது அது துணிக்கடைக் காட்சிப்பெட்டி ஆகிவிடும்; நடுக்கோடுதான் நிற்கும்.

ஆனால் 56 என்று எங்கிருந்து அளப்பது? சிவப்பு ஆக்சைடு பூசிய தரை முற்றத்தை நோக்கிச் சரிகிறது, கழுவி விட்ட நீர் ஓட வேண்டுமே. தரையிலிருந்து அளந்தால் கோடும் தரையோடு சேர்ந்து சரியும். கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் மட்டம்தான் கைகொடுத்தது: ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர், ஒரு முனை இந்தச் சுவரில், மறுமுனை அந்தச் சுவரில், இரண்டிலும் நீர் நிற்கும் இடம் ஒரே மட்டம். லேசர் கருவியை வாடகைக்கு எடுப்பதைவிட இது மலிவு, சுவர் மூலையைத் தாண்டியும் போகும். ரேழியில் மட்டும் ஒரு சிக்கல். அங்கே சுவரின் அடியில் தரையோடு சரிந்துபோகும் ஒரு பச்சைப் பட்டை. உண்மையான மட்டத்தில் தொங்கிய படங்கள் அந்தப் பட்டைக்குப் பக்கத்தில் கோணலாகத் தெரிந்தன. அங்கே குழாயை ஓரம் கட்டிவிட்டு, கண்ணுக்கு எது நேரோ அதற்கு விட்டுவிட்டோம்.

எந்தப் படம் எங்கே என்பதில் தச்சருக்கும் கருத்து இருந்தது. தெருவாசலில் நின்றால் நிலைகள் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில், கொல்லைக் கதவு வரை பார்வை போகும். அந்தப் பார்வைக்கோட்டை வீணாக்க மனமில்லை. மிகவும் ஈர்க்கிற நீர்வண்ணம் ஒன்றைக் கூடத்து நிலைக்கு அருகில் சாய்த்துவைத்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நிலைக்குப் பக்கத்தில் வேண்டாம் அம்மா" என்றார். "கல்யாண மண்டபத்தில் சந்தனப் பேலாவை வாசலில் வைத்துவிட்டுக் கூட்டம் எப்படித் தேங்குகிறது, பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஒருவர் நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் ரேழியிலேயே நிற்க வேண்டியதுதான்."

நல்ல படத்தை நல்ல இடத்தில் வை என்று படித்திருக்கிறேன்; ஆள் நிற்க இடம் இருக்கிறதா என்று பார்த்து வை என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. நீர்வண்ணம் கூடத்தின் உள்மூலைக்குப் போனது. பார்வைக்கோட்டின் மறுமுனையில், முற்றத்துக்கு அப்பால் தாழ்வாரத்தில், தையல் துணியைக் கட்டினோம். வெளுக்காத காடாத் துணியில் வெள்ளை நூலோட்டம். தெருவிலிருந்து பார்த்தால் காயப்போட்ட துணி. பக்கத்தில் போனால்தான் தையல் தெரியும். அவ்வளவு வெளிச்சத்தில் வேறு எதையும் அங்கே வைக்க முடியாது. நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சம் என்பதுதான் அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் வரம்பு, முற்றத்து வெயிலோ பல ஆயிரம். சாயமே ஏறாத துணி என்பதால் அதற்கு மட்டும் சில வாரம் தாங்கும்.

கூடத்தின் மேற்கு ஜன்னல் வழியாக மாலை 4 மணிக்கு ஒரு வெயில் பாளம் நேராகக் கிழக்குச் சுவரில் விழுந்தது. அது நகரும் பாதையைச் சுவரில் காகிதத் துண்டுகள் ஒட்டிக் குறித்துவைத்தேன். வெயில் தொடும் பட்டை முழுக்கக் காலி. அங்கே அறிமுகக் குறிப்பு மட்டும். ஜன்னலுக்கு வெளிப்புறம் நாலு முழ வேட்டி ஒன்றை இரட்டையாக மடித்துக் கட்டியதும் பாளம் கரைந்து அறை முழுக்கப் பரவியது. வாடகைக்கு வந்த எல்.இ.டி. விளக்குகளைச் செங்குத்திலிருந்து 30 பாகைச் சாய்வில் திருப்பினோம். அதற்கு மேல் சாய்த்தால் அக்ரிலிக்கில் விளக்கின் பிரதிபலிப்புதான் தெரியும்.

பெயர்ச்சீட்டுகள் தமிழில் முதலில், ஆங்கிலம் அடியில். சென்னையில் எத்தனையோ காட்சிகளில் சுவர்க்குறிப்பு ஆங்கிலத்தில் மட்டும் இருக்கக் கண்டு எரிச்சல்பட்டிருக்கிறேன். கேட்டால் வருகிறவர்களுக்குப் புரியும் என்பார்கள். புரிகிறவர்கள் மட்டும்தான் வருகிறார்கள் என்பது அவர்களுக்கு உறைப்பதில்லை. எங்கள் ஓவியர்களில் ஒருவருக்குத் தமிழ்க் குறிப்பு எளிமையாக இருந்ததில் வருத்தம். படம் எளிமையாக இல்லையே, போதாதா என்றேன். சீட்டைப் படத்துக்கு வலப்பக்கம் ஒட்டினேன், அதற்குக் காரணம் இருக்கிறது. பழைய வீட்டுக்குள் நுழைந்து முற்றத்தைப் பார்த்ததும் நம்மவர்கள் பெரும்பாலும் இடப்பக்கம் திரும்புகிறார்கள், கோயிலில் பிரகாரம் வருவதுபோல முற்றத்தை வலம் வருகிறார்கள். அப்படி நடந்தால் சுவர் இடக்கைப் பக்கம். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றால் நகர்வது வலப்புறமாக. வலப்பக்கச் சீட்டு கண்ணில் படுவதற்குள் படம் கண்ணில் பட்டுவிடும். நான் காட்சிகளுக்குப் போனால் முதல் சுற்றில் எதையும் படிக்காமல் நடந்துவிட்டு, இரண்டாவது சுற்றில் படிப்பேன். அதை மற்றவர்களுக்கு உபதேசிக்க முடியாது, சீட்டை நகர்த்திவைக்கலாம்.

திறப்பு விழா எல்லாத் திறப்பு விழாவையும்போல நடந்தது: படங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காபி. வார நாட்களின் மாலைகள்தான் பயன்பட்டன. முற்றத்தோரம் நான்கு முக்காலிகள் போட்டிருந்தோம், எந்நேரமும் யாராவது உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை கலைக்கூடங்களும் ஏன் நாற்காலிக்கு இவ்வளவு பயப்படுகின்றன என்று தெரியவில்லை. மீன்வலைத் தாளுக்கு முன்னால் ஒரு பெண்மணி வெகுநேரம் நின்று, விரலால் காற்றில் முடிச்சுப் போட்டுக்காட்டி, மூன்றாவது வரிசையில் ஒரு முடிச்சு தலைகீழாக இருக்கிறது என்று தன் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஓவியரிடம் கேட்டேன்; வேண்டுமென்றே போட்டதாம்.

கழற்றும்போது ஒவ்வொரு படத்தையும் வந்தபோது எடுத்த புகைப்படத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்து வாங்கினேன். ஒன்றில் அட்டை லேசாக வளைந்திருந்தது. பூஞ்சை எதிலும் இல்லை. தச்சர் விட்டங்களைத் தடவிப் பார்த்தார். டியூப் வைத்த இடங்களில் தூசு மட்டும் துடைபட்டிருந்தது. வீட்டுக்காரர் சுவர்களை விளக்கடித்துச் சோதித்துவிட்டு முன்பணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்தார். ரீப்பர்களையும் கிளாம்புகளையும் அங்கேயே விட்டுப்போகச் சொல்கிறார், ஒரு புகைப்படக்காரர் வீட்டைக் கேட்டிருக்கிறாராம். கிளாம்ப் வாடகையைப் புகைப்படக்காரர் பேரில் மாற்றிவிட்டு, அட்டை மாதிரியைக் கொடுத்து, கிழக்குச் சுவரில் வெயில் போகும் நேரங்களையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் வருவது ஜூனில் என்பதால் வெயில் கணக்கை அவர்தான் புதிதாக எடுக்க வேண்டும்.